14 வயசுப் பொண்ணுக்குப் பீரியட்ஸ் வலி: ஹார்மோன் டெஸ்ட் எடுத்துட்டேன், இந்த மாத்திரை டப்பா வாங்கலாமா?

செவ்வந்தி அம்மா, பொள்ளாச்சி
திங்கள், இரவு 10:40

தூக்கம் வரலைங்க, அதான் இங்க எழுதறேன். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. 12 வயசுல பெரிய மனுஷி ஆனா. முதல் ஒரு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. போன ஆடி மாசத்துல இருந்துதான் இந்த வலி. முதல் நாள் வாந்தி, அடிவயிறு பிடிச்சு இழுக்குது, தொடை வரைக்கும் கடுக்குதுங்கறா. போன தடவை பிரேயர்ல நிக்கறப்பவே கண்ணு இருட்டி உக்காந்துட்டாளாம். நான் கூட்டிட்டு வரப் போனப்ப, புத்தகப் பையை வயித்தோட அணைச்சுட்டு பெஞ்சுல சுருண்டு கிடந்தா. அதைப் பார்த்ததுல இருந்து மனசு ஆறலை.

பக்கத்து வீட்டு அக்கா "ஹார்மோன் கோளாறா இருக்கும், டெஸ்ட் எடுத்துரு"ன்னாங்க. ஃபோன்ல விளம்பரம் வந்துச்சு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. 11 டெஸ்ட், 4,800 ரூபாய். ரிப்போர்ட்ல புரோஜெஸ்டிரோன் 0.6, "குறைவு"ன்னு தடிச்ச எழுத்துல இருக்கு. ஏ.எம்.எச். 6.8, "அதிகம்". டி.எஸ்.எச். 0.21, "குறைவு". வைட்டமின் டி 14, அதுவும் குறைவு. மத்ததெல்லாம் சரியா இருக்கு.

மறுநாளே அங்கிருந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி, "பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) ஆரம்பம் மாதிரி இருக்கு, தைராய்டும் சேர்ந்திருக்கு"ன்னு சொல்லி, மூணு மாசத்துக்கு ஹார்மோன் சமன் பண்ற கம்மி (மிட்டாய் மாதிரி மெல்லற சத்து மாத்திரை), மெக்னீசியம் எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய்க்கு வாங்கச் சொல்றாங்க. பணம் பெருசில்லைங்க, எப்படியாவது புரட்டிடுவேன். ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்த பொண்ணு, "அம்மா, எனக்கு உள்ள ஏதாவது கெட்டுப் போச்சா?"ன்னு கேட்டுட்டா. வாங்கலாமா வேண்டாமா? மாமியார் "கல்யாணம் ஆனா சரியாயிரும், எல்லாருக்கும் உள்ளதுதான்"னு சொல்றாங்க.

தாமிரபரணி ஆச்சி, அம்பாசமுத்திரம்
திங்கள், இரவு 11:05

தாயி, முதல்ல நீ கண்ணை மூடித் தூங்கு. எங்க வீட்டுல மூணு தலைமுறையா ஒரு ஸ்பூன் வெந்தயத்தை மோருல போட்டு முழுங்கச் சொல்லுவோம். வலி வார அன்னைக்குச் சுக்குக் கருப்பட்டிக் காப்பி. வயித்துல வெந்நீர்ப் பை. பிள்ளை வயித்துக்கு எண்ணெயும் உளுந்துமா ஏதாவது போகுதா? இப்பப் பிள்ளைகளுக்குக் களின்னாலே முகம் சுளிக்குது. வெந்தயத்தோட நிறுத்திக்கன்னு நான் சொல்ல வரலை, எங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். டாக்டரையும் பாரு.

சோதனைக்குழாய், கரூர்
செவ்வாய், காலை 6:20

அக்கா, நான் 16 வருஷமா லேப்ல வேலை பார்க்கிறேன். ரெண்டு கேள்வி. ரத்தம் எடுத்தது பீரியட்ஸ் வந்து எத்தனையாவது நாள்? பொண்ணுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?

இன்னொண்ணு, பொண்ணு ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடுதா? முடிக்கு, தோலுக்குன்னு எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

செவ்வந்தி அம்மா, பொள்ளாச்சி
செவ்வாய், காலை 7:15

21ஆவது நாள் எடுத்தோம் தம்பி, அவங்களே அப்படித்தான் சொன்னாங்க. அவளுக்கு 36 நாள், 38 நாள், ஒரு தடவை 40 நாள் கூட ஆச்சு. முடி கொட்டுதுன்னு ரெண்டு மாசமா பயோட்டின் மாத்திரை குடுக்கறேன். டப்பாவுல 10,000 மைக்ரோகிராம்னு போட்டிருக்கு. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

சோதனைக்குழாய், கரூர்
செவ்வாய், மதியம் 1:30

நிறைய சம்பந்தம் இருக்கு அக்கா. சாப்பாட்டு நேரத்துல விளக்கமா எழுதறேன்.

புரோஜெஸ்டிரோன், முட்டை வெளியான பிறகு ஏறுற ஹார்மோன். அதை 21ஆவது நாள் பார்க்கிறது 28 நாள் சுழற்சி இருக்கிறவங்களுக்கான கணக்கு. முட்டை வெளியாகிறது, அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாளைக்கு முன்னாடி. 28 நாள் சுழற்சின்னா 14ஆவது நாள் முட்டை வரும், அதுக்கு ஒரு வாரம் கழிச்சு, 21ஆவது நாள், புரோஜெஸ்டிரோன் உச்சத்துல இருக்கும். உங்க பொண்ணுக்கு 38 நாள். அவளுக்கு முட்டை வர்றதே 24ஆவது நாள் வாக்குல, உச்சம் 31 பக்கம். நீங்க 21ல எடுத்தீங்க. முட்டையே வராதப்ப புரோஜெஸ்டிரோன் 0.6தான் இருக்கணும். இருக்க வேண்டிய அளவுதான் இருக்கு. மெஷினுக்குக் காலண்டர் தெரியாது, தடிச்ச எழுத்துல "குறைவு"ன்னு போட்டுடும்.

ஏ.எம்.எச்.சும் அப்படித்தான். அது சினைப்பையில முட்டை வளர்ற சின்னச் சின்னப் பைகள் சுரக்கிற ஹார்மோன். இந்த வயசுல அந்தப் பைகள் நிறைய இருக்கும், அளவு கூடத்தான் வரும். ரிப்போர்ட்ல பக்கத்துல போட்டிருக்கிற எல்லையைப் பாருங்க, பெரிய பெண்களுக்கான எல்லையா இருக்கும். 14 வயசுக்குன்னு தனி எல்லை போட்டிருக்காங்களான்னு தேடுங்க.

தைராய்டுக்கு வர்றேன். டி4 தைராய்டு சுரக்கிற ஹார்மோன், டி.எஸ்.எச். அந்தச் சுரப்பைத் தூண்டற ஹார்மோன். சில மெஷின்கள் பயோட்டினை ஒட்டும் பசை மாதிரி பயன்படுத்தித்தான் அளக்கும். ரத்தத்துல பயோட்டின் எக்கச்சக்கமா மிதந்தா கணக்கு குழம்பி, டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவா காட்டும், டி4 உள்ளதைவிடக் கூடக் காட்டும். 2017ல அமெரிக்க மருந்துத் துறை இதுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது. பயோட்டினை நிறுத்திட்டு, குறைஞ்சது ரெண்டு நாள் விட்டு (ஒரு வாரம் விட்டா இன்னும் நிம்மதி), டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 மட்டும் திரும்ப எடுங்க. ரத்தம் எடுக்க வர்ற பையன்கிட்டயும் சொல்லி எழுத வைங்க. மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களான்னு கேட்கிறது எங்க வேலை. உங்ககிட்ட யாரும் கேட்கலைங்கறது எனக்கு வருத்தமா இருக்கு.

திருச்சி அப்பா
செவ்வாய், மாலை 6:50

எனக்கு ரெண்டு பொண்ணுங்க. டெஸ்டே தண்டம்ங்கற மாதிரி இங்க பேச்சு போகுது, அதை என்னால ஏத்துக்க முடியலை. என் மூத்தவளுக்கு அஞ்சு மாசம் பீரியட்ஸே வரலை. டாக்டர் எழுதிக் குடுத்து எடுத்தோம். தைராய்டுன்னு தெரிஞ்சது, மாத்திரையில சரியாச்சு. டெஸ்ட் எடுக்காம இருந்திருந்தா?

வைகைக்கரை டாக்டர், மதுரை
செவ்வாய், இரவு 9:45

திருச்சி அப்பா சொல்வது சரி. அவர் மகளுக்குப் பீரியட்ஸ் வராமல் நின்றது. 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், முகத்தில் முடி அதிகமாக முளைத்தால், மார்பில் பால் கசிந்தால், ரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினால், நாங்களும் ரத்தப் பரிசோதனை எழுதுவோம். செவ்வந்தி அம்மாவின் கேள்வி வலியைப் பற்றியது. வலிக்கு ஹார்மோன் அளவில் பதில் கிடைக்காது. பதின்ம வயதில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை சுழற்சி இருப்பது இயல்புதான். 38 நாள் கோளாறு இல்லை.

அம்மா, உங்கள் மகளுக்கு முதல் வருடம் வலி இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. வயதுக்கு வந்த புதிதில் பல மாதம் முட்டை வெளியாகாமலே ரத்தப்போக்கு வரும், அதில் வலி அதிகம் இருக்காது. முட்டை வெளியாகத் தொடங்கிய பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறி, பீரியட்ஸுக்கு முன்னால் சரசரவென்று இறங்கும். அப்போது கருப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கும். அது கருப்பைத் தசையை ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கும். கொஞ்சம் ரத்தத்தில் கலந்து குடலுக்கும் போகும், அதனால்தான் வாந்தி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. ஆகவே உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: உள்ளே எதுவும் கெட்டுப் போகவில்லை, உடம்பு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று. புரோஜெஸ்டிரோன் போதாது என்று உங்களைப் பயமுறுத்தினார்கள். அது ஏறி இறங்காமல் இந்த மாதிரி வலி பெரும்பாலும் வராது.

பி.சி.ஓ.டி. பற்றி: அதற்கு முக்கிய அடையாளம் வலி அல்ல. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், இந்த வயதுப் பெண்களுக்கு ஏ.எம்.எச்.சையோ ஸ்கேனையோ வைத்து அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஃபோனில் சொல்வது அதைவிடத் தவறு.

மருந்து? மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுக்கும். பலர் செய்யும் தவறு, வலி உச்சத்துக்குப் போய் வாந்தி எடுத்த பிறகு ஒரு மாத்திரை போடுவது. அதற்குள் சுரந்தாகிவிட்டது. முதல் துளி கண்டவுடன், முடிந்தால் அதற்கு முன்பே, சாப்பாட்டோடு தொடங்கி, இரண்டு மூன்று நாள் மணிக்கணக்கு தவறாமல் தர வேண்டும். அளவை எடை பார்த்து உங்கள் டாக்டர் எழுதட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, இந்த வகை மாத்திரையால் வரும் ஆஸ்துமா இருந்தால் கூடாது. காய்ச்சல் அடிக்கும்போது, குறிப்பாக டெங்கு பரவும் மாதங்களில், தொடவே வேண்டாம். 2023 நவம்பர் இறுதியில் இந்தியப் பார்மகோபியா ஆணையம் மெஃபெனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அரிதாக, உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டல் வரலாம். அப்படி எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும்.

இப்படி ஒழுங்காக மூன்று மாதம் கொடுத்தும் அடங்காவிட்டால், அதை அப்படியே விடக் கூடாது.

தேன்சிட்டு, நாகர்கோவில்
செவ்வாய், இரவு 11:50

டாக்டர் மேடம் எழுதின கடைசி வரிக்காகத்தான் நான் வந்தேன். எனக்கு இப்ப 22 வயசு. வலி ஆரம்பிச்சது 13ல. எங்க அம்மாவும் கூட்டிட்டுப் போகாத இடம் இல்லை. ஒவ்வொரு இடத்துலயும் ஹார்மோன் டெஸ்ட், வயித்து ஸ்கேன். எல்லாமே நார்மல். அந்த "நார்மல்"தான் எனக்கு எமனா வந்துச்சு. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே, பின்ன ஏன் அழுறன்னு கேட்டாங்க. படிக்கப் பிடிக்காம நடிக்கிறேன்னு ஒருத்தர் என் முகத்துக்கு நேராவே சொன்னார். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சையை அரை மணி நேரத்துல பேப்பரைக் குடுத்துட்டு வெளிய வந்தேன், உக்கார முடியலை.

20 வயசுல லேப்ராஸ்கோபி (வயித்துல சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கிறது) பண்ணி எண்டோமெட்ரியோசிஸ்னு கண்டுபிடிச்சாங்க. கருப்பை உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளிய வளர்ற நோய் அது. சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு அது நிறமில்லாம, இல்லைன்னா செக்கச்செவேல்னு சின்னக் கொப்புளமாத்தான் இருக்குமாம், சாதாரண ஸ்கேன்ல சிக்காதாம். ரத்தத்துல எந்த ஹார்மோன் அளவும் அதைக் காட்டிக் குடுக்காது.

அக்கா, உங்க பொண்ணுக்கு அது இருக்குன்னு நான் சொல்லலை. ரிப்போர்ட் தடிச்ச எழுத்துல வந்தாலும் நம்பாதீங்க, மெல்லிசு எழுத்துல வந்தாலும் அவ வலியைச் சந்தேகப்படாதீங்க. அவ்வளவுதான். எனக்கு ஒரு நோட்டு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். எத்தனை நாள் வலி, எத்தனை நாப்கின், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கேட்டுச்சா இல்லையா, எத்தனை நாள் ஸ்கூல் லீவு. கடைசியா என்னை நம்பின டாக்டர் முதல்ல கேட்டது இதைத்தான். என்கிட்ட அழுகையைத் தவிர ஒண்ணும் இல்லை.

வைகைக்கரை டாக்டர், மதுரை
புதன், காலை 5:40

தேன்சிட்டு, நீங்கள் பட்டதற்கு மருத்துவர் என்ற முறையில் வருந்துகிறேன். உங்கள் அனுபவம் அரிதானதும் அல்ல. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018இல் வெளியிட்ட கருத்துரையில், மாத்திரைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காத வலியோடு வரும் பதின்ம வயதினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் லேப்ராஸ்கோபியில் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது தெரியவரும் என்று எழுதியிருக்கிறது.

இன்னொன்றும் சேர்க்கிறேன். முதல் பீரியட்ஸிலிருந்தே வலி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், அல்லது வயதுக்கே வராமல் மாதம் ஒருமுறை வயிறு வலித்தால், பிறவியிலேயே உள்ளே எங்காவது அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேன் உதவும். மணமாகாத பெண்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பிய பின் வயிற்றின் மேல்தான் எடுப்போம், பயப்பட ஒன்றுமில்லை.

திருச்சி அப்பா
புதன், காலை 8:10

புரிஞ்சுதுங்க டாக்டர். ஆனா இப்ப "ஹார்மோன் சிகிச்சை"ன்னு போட்டிருக்கீங்க. அது கருத்தடை மாத்திரைதானே? 14, 15 வயசுப் பொண்ணுக்கா? நாளைக்குக் குழந்தை பிறக்கறதுல பிரச்சினை வந்தா?

வைகைக்கரை டாக்டர், மதுரை
புதன், மதியம் 2:20

பெயரைக் கேட்டு எல்லாப் பெற்றோரும் திடுக்கிடுகிறார்கள். உள்சவ்வைத் தடிக்க விடாமல் மெலிதாக வைத்தால் புரோஸ்டாகிளாண்டின் குறையும், வலி குறையும். இங்கே அதன் வேலை அதுதான். நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும், பின்னாளில் குழந்தை பிறப்பதைக் கெடுக்காது. முதல் மருந்தாக எல்லாருக்கும் தரவேண்டியதும் இல்லை. கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் ரத்தம் உறையும் நோய் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்தது கூடாது. அதனால் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பீரியட்ஸைத் தள்ளிப்போடக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை ஒரு கேள்வியும் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், அதுவும் ஹார்மோன்தானே.

மருந்துக்கடைக்காரர், ஈரோடு
புதன், இரவு 10:15

கம்மி பத்தி யாரும் இன்னும் சொல்லலை. நானும் இதை விற்கிறவன்தான், அதனால தெரிஞ்சதைச் சொல்லணும்.

அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்க, மருந்து உரிமம் இருக்காது, உணவு உரிம எண்தான் இருக்கும். இந்த வலிக்கு இது கேட்குதுன்னு மருந்து மாதிரி நிரூபிச்சுட்டு வரவேண்டிய கட்டாயம் அதுக்கு இல்லை. "ஹார்மோன் சமன்"ங்கறது ஒரு நோயோட பேரும் இல்லை.

சத்துப் பொருள் எதுவுமே வேலை செய்யாதான்னு கேட்டா, அப்படியும் சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுலயே 12ல இருந்து 21 வயசு வரைக்கும் 556 பொண்ணுங்களுக்கு வைட்டமின் பி1 தினம் 100 மில்லிகிராம் குடுத்துப் பார்த்து, நல்ல பலன்னு 1996ல எழுதினாங்க. ஈரான்ல 15ல இருந்து 17 வயசுப் பிள்ளைகளுக்கு வைட்டமின் இ குடுத்துப் பார்த்திருக்காங்க. சுக்குப் பொடி, வெந்தயப் பொடி, மீன் எண்ணெய்க்கும் சின்னச் சின்ன ஆய்வு இருக்கு. 2016ல, மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கிற காக்ரேன் குழு 27 ஆய்வைச் சேர்த்து வச்சுப் பார்த்துட்டு, உறுதியா நம்பற அளவுக்கு எதுக்கும் சான்று இல்லைன்னுதான் முடிச்சாங்க. ஆச்சி சொன்ன சுக்கும் வெந்தயமும் அந்தப் பட்டியல்ல இருக்கு, அஞ்சு ரூபாய்ல முடியுது, சமையல் அளவுல கெடுதலும் இல்லை. 5,400 ரூபாய் டப்பாவுக்கு அதைவிடப் பெரிய சான்று ஒண்ணும் கிடையாது.

பயமா இருக்கறது ரெண்டு விஷயம். ஒண்ணு, இந்தக் கம்மிகள்ல அஸ்வகந்தா சேர்க்கிறாங்க, நம்ம அமுக்கரா. கல்லீரலைப் பாதிச்சதாவும் தைராய்டு அளவைக் குழப்பினதாவும் மருத்துவப் பதிவுகள் இருக்கு. வளர்ற பிள்ளைக்கு என்னத்துக்கு அது? இன்னொண்ணு, வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட். வாரம் ஒண்ணுன்னு எழுதினதைத் தினம் ஒண்ணாப் போட்டுட்டு, ரத்தத்துல கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமா ஆஸ்பத்திரியில படுத்தவங்க உண்டு. உங்க பொண்ணுக்கு டி குறைவா இருக்கு, டாக்டர் சொல்ற அளவுக்குக் குடுங்க, எலும்புக்கு வேணும். வயித்து வலி அதுலயே போயிரும்னு எதிர்பார்க்க வேண்டாம்.

தாமிரபரணி ஆச்சி, அம்பாசமுத்திரம்
புதன், இரவு 10:40

வெந்நீர்ப் பையைச் சொல்லாம விட்டுட்டீரே வே!

மருந்துக்கடைக்காரர், ஈரோடு
புதன், இரவு 10:52

விட்டது தப்புதான் ஆச்சி. 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு, வயித்துல ஒட்டற சூட்டுப் பட்டையை 39 டிகிரி வாக்குல வச்சா ஐபுபுரூஃபனுக்குச் சமமா கேட்டுச்சாம். ரொம்பச் சூடா வச்சுத் தோல் பொசுங்கிடாம, துணி சுத்தி வைங்க.

பி.டி. டீச்சர், விழுப்புரம்
வியாழன், மாலை 5:30

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில இருக்கேன். மைதானத்துக்கு வராம வகுப்புலயே உக்காந்திருக்கற பிள்ளைகளை முன்னெல்லாம் திட்டுவேன். இப்பத் திட்டறதில்லை, ஆனா மத்த நாள்ல விடறதும் இல்லை. வாரம் மூணு நாள், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாம ஓடி ஆடி விளையாடினா வலி குறையறதுக்கு ஓரளவு சான்று இருக்கு. என் கபடிப் பிள்ளைகள்கிட்டயும் அதைப் பார்க்கிறேன்.

செவ்வந்தி அம்மா, பள்ளியில வாரா வாரம் குடுக்கற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவ முழுங்கறாளா? பாதிப் பிள்ளைகள் வாயில அடக்கிட்டுப் போய்த் துப்பறதைக் கண்ணால பார்த்திருக்கேன். கண்ணு இருட்டினதுன்னு சொன்னீங்களே, ஹீமோகுளோபின் பார்த்தாச்சா?

செவ்வந்தி அம்மா, பொள்ளாச்சி
வியாழன், இரவு 9:20

11 டெஸ்ட்ல ஹீமோகுளோபின் இல்லவே இல்லைங்க டீச்சர். இப்பத்தான் ரிப்போர்ட்டை எடுத்து வச்சு வரி வரியாப் பார்த்தேன்.

டப்பா வேண்டாம்னு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். பயோட்டினையும் நிறுத்தியாச்சு. இவ்வளவு எழுதினீங்களே எல்லாரும், நான் என்ன கைம்மாறு செய்வேன். தேன்சிட்டு கண்ணு, உன் பதிவை என் பொண்ணுகிட்டப் படிச்சுக் காட்டினேன். பழைய கணக்கு நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்தைக் கிழிச்சுத் தைச்சு வச்சிருக்கா.

செவ்வந்தி அம்மா, பொள்ளாச்சி
மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 4:10

பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சிருப்பீங்க. ஹீமோகுளோபின் 9.4 இருந்துச்சு. இரும்புச்சத்து நடக்குது, டீ மட்டும் மாத்திரையோட குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னாங்க. பயோட்டினை நிறுத்திப் பத்து நாள் கழிச்சு எடுத்ததுல டி.எஸ்.எச். 2.1. கரூர்த் தம்பி, உங்களை நினைச்சுக்கிட்டேன்.

மெஃபெனமிக் எழுதிக் குடுத்தாங்க. முதல் மாசம் நான் லேட்டாக் குடுத்துட்டேன், பழையபடி வாந்தி. ரெண்டாவது தடவை, முந்தின நாள் இடுப்பு லேசா இழுக்குதுன்னு அவளே சொல்லி, இட்லி சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிட்டா. நோட்டுல எழுதியிருந்தா: "காலை 7:10 மாத்திரை. 8:30 வலி பத்துக்கு நாலு. ஸ்கூல் போனேன். வாந்தி இல்லை." கீழ ரெண்டு கோடு போட்டிருந்தா. இந்த மாசமும் அப்படித்தான், ஆனா ரெண்டாம் நாள் சாயங்காலம் வலி ஆறுக்கு ஏறிருச்சு, அதையும் எழுதி வச்சிருக்கா. அடுத்த வாரம் டாக்டர்கிட்டக் காட்டணும்.

ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். மதிய மாத்திரையை ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சுக் குடுத்தேன். வகுப்பு மிஸ் பிடுங்கி வச்சுக்கிட்டாங்களாம், பள்ளியில மாத்திரை வச்சுக்கக் கூடாதுன்னு. என்ன பண்ணலாம்?

பி.டி. டீச்சர், விழுப்புரம்
ஞாயிறு, மாலை 5:05

மிஸ் மேலயும் தப்பில்லை அம்மா, ஒரு பிள்ளை மாத்திரையை இன்னொண்ணு முழுங்கிட்டா அவங்கதான் பதில் சொல்லணும். டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, மாத்திரை பேரு, எத்தனை மணிக்கு, சாப்பிட்ட பிறகுன்னு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரெண்டு மாத்திரையோட ஹெச்.எம்.கிட்ட நேர்ல குடுங்க. நாளைக்கு உங்க பொண்ணு மட்டும் இல்லை, அந்த வகுப்புல இன்னும் நாலு பேர் உங்ககிட்ட வந்து அந்தக் கடிதத்தை எப்படி எழுதினீங்கன்னு கேட்பாங்க. குடுங்க.